நாலு பேர் வேண்டும்

(தலைப்பு: மனம் வெறுமையாகும்போது மனிதனை மீண்டும் எழுப்புவது தன்னம்பிக்கையா? பிறர் துணையா? செங்கல்பட்டில் நடந்த கிறிஸ்துமஸ் சிறப்புப் பட்டிமன்றத்தில் ‘பிறர் துணையே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களே! எதிரணியில் தன்னம்பிக்கையோடு உட்கார்ந்திருக்கும் நண்பர்களே! பின்வரிசையில் இடமில்லாமல் நின்றுகொண்டிருக்கும் என் செங்கல்பட்டுப் பெருமக்களே!

எதிரணித் தலைவர் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என்னிடம் வந்து, “ஐயா, மைக் கொஞ்சம் உயரமா இருக்கு, இறக்கி வைக்கச் சொல்லுங்களேன்” என்றார். சொன்னேன். இறக்கி வைத்தார்கள். அந்த மைக்கில் வந்து நின்றுகொண்டு அவர் முழங்கினார்: “மனிதனுக்கு வேறு யார் துணையும் தேவையில்லை!” (சிரிப்பு, கைதட்டல்)

சரி, விளையாட்டு போதும். இன்றைக்கு நாம் எடுத்திருக்கிற விஷயம் விளையாட்டு விஷயம் இல்லை. கிறிஸ்துமஸ் நேரம். தெருவெல்லாம் நட்சத்திர விளக்கு. ஆனால் அந்த விளக்கைக் கட்டிவிட்டு வீட்டுக்குள்ளே போய், விளக்கணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்களும் இந்த ஊரில் உண்டு. “ஆண்டவரே என்று கூப்பிடுகிறேன், அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை” என்று தவிக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் என்ன சொல்லப்போகிறோம்? அதுதான் வழக்கு.

எதிரணி அம்மையார் அழகாகச் சொன்னார்: “தன் கையே தனக்கு உதவி.” நல்ல பழமொழி. நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். நம்பிக்கை என்ற சொல்லிலேயே ஒரு ‘கை’ இருக்கிறது என்றும் அவர் சொன்னார். இலக்கணப்படி அது கை இல்லை, விகுதி. அதை ஒத்துக்கொண்டால் என் டாக்டர் பட்டத்தைப் பல்கலைக்கழகம் திரும்பக் கேட்கும். (சிரிப்பு) ஆனாலும் மேடைக்காக ஒத்துக்கொள்கிறேன். நம்பிக்கையில் ஒரு கை இருக்கிறது. அம்மா, என் கேள்வி இதுதான். அது யாருடைய கை?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். இங்கேயிருந்து திருமணிக்குப் போனால் போதும். 1920-களில் தொடங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை. அதை 1955-இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டு, மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக ஆக்கியது. நம் ஊர்க்காரர்களுக்கு இன்றைக்கும் அது ‘திருமணி ஆஸ்பத்திரி’தான். அங்கே டாக்டர் ராபர்ட் காக்ரேன் என்று ஒரு மிஷனரி மருத்துவர் இருந்தார். 1947-இல் அவர் வேலூரிலிருந்து ஓர் இளம் அறுவை மருத்துவரை இங்கே அழைத்து வந்து காட்டினார். அந்த இளைஞர் பெயர் பால் பிராண்ட். 1914-இல் நம்ம கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர்.

பிராண்ட் ஒரு நோயாளியின் கையைப் பார்க்கிறார். விரல்கள் பருந்தின் கால் மாதிரி வளைந்து கிடக்கின்றன. சூடு தெரியாது. குத்தினால் தெரியாது. செத்துப்போன கை என்று எல்லாரும் நினைத்திருந்த கை. பிராண்ட் தன் கையை அந்தக் கைக்குள் வைத்து, “முடிந்த மட்டும் அழுத்துப்பா” என்றார். அந்த மனிதர் அழுத்தினார். டாக்டருக்கு உயிர் போகிற வலி! நகம் சதையில் பதிகிறது. தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்று அந்த நோயாளிக்கே தெரியாது. டாக்டர் திகைத்துப்போனார். உணர்ச்சி இல்லை, ஆனால் பலம் இருக்கிறது!

நடுவர் அவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள். உணர்ச்சி போய்விட்டால் பலமும் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. ஆனால் பலம் இருக்கிறது என்பதை யார் கண்டுபிடித்தது? கைக்குச் சொந்தக்காரர் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு அது தெரியவே தெரியாது. இன்னொருத்தர் தன் கையைக் கொண்டுபோய் அந்தக் கைக்குள் வைத்தபோதுதான் தெரிந்தது. (கைதட்டல்)

அதற்குப் பிறகு வேலூரில் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் என்ன செய்தார்கள்? நோய் தொடாத நல்ல தசையிலிருந்து தசைநாணை எடுத்து, இயங்காத விரலோடு இணைத்தார்கள். மடங்கிய விரல் நிமிர்ந்தது. கையெழுத்துப் போட முடிந்தது, சோற்றைப் பிசைந்து சாப்பிட முடிந்தது. பலமுள்ளது பலமில்லாததற்குத் தோள் கொடுத்தது. அம்மா, தன் கை தனக்கு உதவியாக வேண்டும் என்றால்கூட, அதற்கு முன்னால் இன்னொரு கை வந்து தொட வேண்டியிருக்கிறது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி, மாமல்லபுரத்துக்கே போய்விட்டார். “ஐந்து ரதங்களைப் பாருங்கள், ஒற்றைக்கல்! யாரையும் சாராமல் நிற்கிறது! அப்படி நிற்கணும் மனுஷன்!” என்றார். நல்ல கைதட்டல் வாங்கினார். தம்பி, பிள்ளைகளை அங்கே சுற்றுலா கூட்டிப்போகிற வாத்தியார் நான். அந்த ஒற்றைக்கல் ரதங்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். வேலை முழுசாக முடியவில்லை. பாதி செதுக்கியதோடு நிற்கிறது. (சிரிப்பு) அங்கிருந்து கொஞ்சம் வடக்கே வந்து கடற்கரைக் கோயிலைப் பாருங்கள். அது ஒற்றைக்கல் இல்லை. ராஜசிம்மப் பல்லவன் காலத்தில் கல்மேல் கல் அடுக்கிக் கட்டியது. ஒரு கல்லை இன்னொரு கல் தாங்குகிறது. சுமார் 1300 வருஷமாக உப்புக் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கிறது. அதுக்கும் கடலரிப்பு வந்தபோது, நம் காலத்தில் பாறாங்கற்களைக் கொண்டுவந்து சுற்றிக் கொட்டி அரண் போட்டார்கள். கல்லுக்கே துணைக்கல் வேண்டியிருக்கிறது! ரத்தமும் சதையுமான மனுஷன் தனியாக நிற்பானா? (பலத்த கைதட்டல்)

கடல் என்று சொன்னவுடன் ஒரு நாள் ஞாபகம் வருகிறது. 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நாங்கள் இங்கே செங்கல்பட்டில் ஆராதனை முடிந்து வெளியே வருகிறோம். “கடல் உள்ளே வந்துடுச்சு” என்று ஒருவர் ஓடிவந்து சொல்கிறார். நம்பவில்லை. கடல் எப்படி உள்ளே வரும்? கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் என்று ஒவ்வோர் ஊராகச் செய்தி வந்த பிறகுதான் புரிந்தது.

மறுநாள் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு, அரிசியும் பாயும் ஏற்றிக்கொண்டு மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்குப் போனேன். ஒரு குடிசை வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கிழிந்து, சேறு அப்பி, மூங்கில் கம்போடு சாய்ந்து கிடக்கிறது. அந்த வாசலில் ஒருவர் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மகளைக் கடலுக்குக் கொடுத்தவர். நான் தமிழ்ப் பேராசிரியர் அல்லவா? வாயைத் திறந்தேன். “மனசைத் தேத்திக்கணும் ஐயா, நம்பிக்கையோட இருக்கணும்...” என்று ஆரம்பித்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. “சார், செத்த நேரம் உக்காருங்க” என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் பேசிய பேச்சிலேயே நல்ல பேச்சு, அந்த ஒரு மணி நேரம் பேசாமல் இருந்ததுதான்.

வேதாகமத்தில் யோபுவின் கதை எல்லாருக்கும் தெரியும். எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் ராப்பகலாக ஒரு வார்த்தை பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்கள். எட்டாவது நாள் வாயைத் திறந்தார்கள். கெட்டது காரியம்! (சிரிப்பு) அறிவுரை சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த நண்பர்கள் பேசியது சரியில்லை என்று கடைசியில் கடவுளே சொல்ல வேண்டியதாயிற்று. துணை என்றால் பேச்சு என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். துணை என்றால் கூட உட்காருவது.

அந்தக் குப்பத்துக்குச் சில மாதம் கழித்து மறுபடியும் போனேன். “இனிமே கடல் பக்கம் திரும்பமாட்டேன்” என்று சொல்லியிருந்த அதே மனிதர், படகுக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார். எப்படி ஐயா என்றேன். “நானா எங்க போனேன்? இவனுங்க விடல. தினம் வந்து கூப்பிட்டானுங்க. சும்மா வந்து கரையில நில்லுன்னானுங்க. நின்னேன். ஒரு நாள் கை கொடுன்னானுங்க. கொடுத்தேன்” என்றார். படகைத் தனி ஆளாக யாரும் கடலுக்குள் தள்ள முடியாது நடுவர் அவர்களே. ‘ஐலசா’ என்று ஒருத்தன் சொன்னால், பதிலுக்கு ‘ஐலசா’ என்று சொல்லப் பத்துப் பேர் வேண்டும். (கைதட்டல்)

அடுத்து, எதிரணித் தலைவர் தன் துருப்புச்சீட்டைப் போட்டார். “அன்னை தெரேசாவைப் பாருங்கள். தனி ஒரு பெண்ணாகக் கொல்கத்தா வீதியில் இறங்கினாரே, அது தன்னம்பிக்கை இல்லையா?” என்றார். ஐயா, இந்த விஷயத்தில் நீங்கள் 2007-க்கு முன்னால் நின்றுவிட்டீர்கள். அன்னை 1997-இல் மறைந்தார். பத்து ஆண்டு கழித்து 2007-இல் அவர் எழுதிய கடிதங்கள் புத்தகமாக வந்தன. எரித்துவிடுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்ட கடிதங்கள். உலகமே அதிர்ந்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அந்த அம்மையாருக்கு உள்ளே ஒரே இருட்டு. ஜெபித்தால் பதில் இல்லை. கடவுள் பக்கத்தில் இருக்கிறார் என்ற உணர்வே இல்லை. வெளியே நமக்கெல்லாம் புன்னகை. உள்ளே வெறுமை.

அந்த வெறுமையை அவர் எப்படிச் சுமந்தார்? தனியாகச் சுமக்கவில்லை ஐயா! கடிதம் யாருக்கு எழுதினார்? தன் ஆன்ம வழிகாட்டிகளுக்கு எழுதினார். 1961 வாக்கில், புனேயில் இறையியல் கற்பித்த ஜோசப் நாய்னர் என்ற இயேசு சபைக் குருவிடம் மனம் திறந்து சொன்னார். அந்த இருட்டு உன் குற்றத்துக்குத் தண்டனை இல்லை, நீ செய்கிற பணியின் ஒரு பகுதிதான் அது என்று அவர் புரியவைத்தார். அதற்குப் பிறகுதான் அந்த இருட்டையே நேசிக்கத் தொடங்கியதாக அன்னை எழுதுகிறார். இருட்டு போகவில்லை. ஆனால் இருட்டுக்குள் ஒரு குரல் கிடைத்தது. புனிதர் பட்டம் பெற்ற அன்னை தெரேசாவுக்கே ஒரு ஆள் தேவைப்பட்டார் என்றால், செங்கல்பட்டில் வாடகை வீட்டில் இருக்கிற நான் எம்மாத்திரம்?

(நடுவர் மணி அடிக்கிறார்.) ஐயா, ஐந்து நிமிஷம் கொடுங்கள். இதுவரைக்கும் ஊர்க்கதை சொன்னேன். இனிமேல் என் கதை.

என் மனைவி இறந்து சில வருஷம் ஆகிறது. புற்றுநோய். பதினோரு மாதம் போராடினாள். அவள் போன பிறகு நான் மேடையை விடவில்லை. விட்டால் வீடு தின்றுவிடும் என்று பயம். ஊர் ஊராகப் போய் உங்களையெல்லாம் சிரிக்க வைத்தேன். ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், “சாப்பிட்டீங்களா?” என்று கேட்க ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன். பாட்டுப் புத்தகத்தைத் திறப்பேன். உதடு அசையும். உள்ளே காலி டப்பா. கல்லைப் போட்டால்கூடச் சத்தம் வராத காலி. ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு ஜெபம்கூட என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை.

தன்னம்பிக்கைப் புத்தகம் படித்தேன். எதிரணி நண்பர்களே, நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். கண்ணாடி முன்னால் நின்று “என்னால் முடியும்” என்று சொன்னேன். கண்ணாடியில் இருந்த ஆளும் என்னைப் போலவே அழுதான். (அமைதி)

எங்கள் சபையில் ஒரு பெரியவர். சின்ன வயசில் தொழுநோய் கண்டு, திருமணியில் பல வருஷம் இருந்து, குணமாகி வந்தவர். நோய் போய்விட்டது, விரல் மட்டும் மடங்கினபடி நின்றுவிட்டது. கடைசி பெஞ்சில் உட்காருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆராதனை முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்:

“வாத்தியாரய்யா, பாட்டு வரலையா?”

“வரலை ஐயா. உள்ளே ஒண்ணுமே தெரியலை” என்றேன்.

அவர் தன் கையை நீட்டினார். “இந்தக் கையில எனக்குச் சூடு தெரியாது. காப்பி டம்ளரை எடுத்தா வெந்துபோனாலும் தெரியாது. அதனால என் பேத்தி முதல்ல தொட்டுப் பாப்பா. ‘தாத்தா, சுடுது, இரு’ம்பா. நான் இருப்பேன். எனக்குத் தெரியலைங்கறதுக்காகச் சூடு இல்லாமப் போயிடுமா? உங்களுக்கு இப்ப ஆண்டவர் தெரியலை. பரவால்ல. எங்களுக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியற வரைக்கும் நாங்க தொட்டுப் பாத்துச் சொல்றோம்.”

நடுவர் அவர்களே, நான் முப்பது வருஷம் தமிழ் படித்தவன், படிக்க வைத்தவன். நம்பிக்கைக்கு இப்படி ஒரு விளக்கத்தை எந்த உரையாசிரியரிடமும் படித்ததில்லை. (பலத்த கைதட்டல்)

அந்தப் பெரியவர் ஒருத்தர். பக்கத்து வீட்டு அக்கா, ஒரு வார்த்தை பேசாமல் தினம் வாசலில் டிபன் கேரியரை வைத்துவிட்டுப் போவார்கள். அவர் ஒருத்தர். எங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். சாயங்காலம் வந்து, “வாங்க, கொளவாய் ஏரி வரைக்கும் நடப்போம்” என்பார். அவர் மூன்று. ராத்திரி நிகழ்ச்சி முடிந்து வந்தால், நான் கதவைத் திறந்து விளக்கைப் போடுகிற வரைக்கும் வண்டியை எடுக்காமல் நிற்கிற ஆட்டோக்கார பாய். அவர் நான்கு. எண்ணிக்கொண்டீர்களா? நாலு பேர். என் கிறிஸ்தவ நம்பிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்த நாலு பேரில் ரெண்டு பேர் கிறிஸ்தவர்களே இல்லை! (சிரிப்பு, கைதட்டல்)

நாலு பேர் என்றால் தமிழனுக்கு என்ன ஞாபகம் வரும்? “நாளைக்குப் போனா தூக்க நாலு பேர் வேணாமா?” என்போம். சாவுக்குத்தான் நாலு பேரைச் சேர்த்து வைக்கிறோம். மாற்கு நற்செய்தியில் இரண்டாம் அதிகாரத்தில் வேறு மாதிரி ஒரு நாலு பேர் வருகிறார்கள். கப்பர்நகூமில் இயேசு ஒரு வீட்டில் இருக்கிறார். வாசலெல்லாம் கூட்டம். படுத்த படுக்கையாய்க் கிடக்கிற ஒரு திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கி வருகிறார்கள். வழி இல்லை. திரும்பிப் போனார்களா? கூரையைப் பிரித்து, படுக்கையோடு உள்ளே இறக்கினார்கள். அடுத்தவன் வீட்டுக் கூரை! (சிரிப்பு) இயேசு என்ன பார்த்தார் என்று எழுதியிருக்கிறது? அவனுடைய விசுவாசத்தை என்று ஒருமையில் இல்லை. ‘அவர்களுடைய’ விசுவாசத்தை என்று பன்மையில் இருக்கிறது. படுத்திருந்தவன் அந்தக் கதை முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெபித்தானா, தெரியாது. நம்பினானா, தெரியாது. நாலு பேர் அவனுக்கும் சேர்த்து நம்பினார்கள். அது போதும் என்று இயேசு ஏற்றுக்கொண்டார்.

“இப்படியே அடுத்தவர் தோளில் சவாரி செய்தால் மனுஷன் சோம்பேறி ஆகிவிட மாட்டானா?” என்று அம்மையார் கேட்டார். கதையின் கடைசி வரியைப் பாருங்கள் அம்மா. எழுந்த மனிதன் தன் படுக்கையைத் தானே தூக்கிக்கொண்டு எல்லார் முன்னாலும் நடந்து போனான். தூக்கி வரப்பட்டவன் தூக்குகிறவன் ஆனான். நீங்கள் சொல்கிற தன்னம்பிக்கை இருக்கிறதே, அது கடைசியில் வருகிறது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் நாலு பேர் வருகிறார்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஆகவே, இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற, உள்ளே இருட்டாக இருக்கிற தம்பி, தங்கை, அம்மா, ஐயா யாராக இருந்தாலும் சரி, ஜெபம் வரவில்லையே என்று உங்களை நீங்களே அடித்துக்கொள்ளாதீர்கள். சங்கீதப் புத்தகத்தில் 88-ஆம் சங்கீதம் இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. அதையும் சேர்த்துத்தான் சபையின் கையில் கொடுத்திருக்கிறார்கள். சிலுவையில் இயேசுவே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்டார். கேட்பது பாவம் இல்லை. தூக்கம் போய், சாப்பாடு போய், சாகலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மனநல மருத்துவரிடம் போங்கள். அவரும் அந்த நாலு பேரில் ஒருவர்தான்.

நன்றாக இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்றைக்குப் பட்டிமன்றம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது உங்கள் தெருவில் விளக்கெரியாத வீடு எது என்று பாருங்கள். போய்ப் பேச வேண்டாம். கதவைத் தட்டி, செத்த நேரம் உட்காருங்கள்.

இடுப்புத் துணி நழுவினால் யாரும் கட்டளை போடாமலே கை போய்ப் பிடிக்கிறதே, அதுதான் நட்பு என்றார் வள்ளுவர். அந்தக் கைக்கே உணர்ச்சி போய்விட்டால்? அப்போது பிடிக்க இன்னொரு கை வேண்டும். அந்தப் பெரியவருக்கு அவர் பேத்தியின் கை இருந்தது. எனக்கு அந்த விரல் மடங்கிய கை இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை. நான் வீட்டுக்குப் போனேன். காப்பி கொண்டுவந்தார்கள். டம்ளரை நான் முதலில் தொட்டுப் பார்த்தேன். “ஐயா, சுடுது, இருங்க” என்றேன். அவர் சிரித்தார்.

மனம் வெறுமையாகும்போது மனிதனை மீண்டும் எழுப்புவது பிறர் துணையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)